மீன் வாடை அடிக்காத டிரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்தாறு வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை பேனா எடுத்து, நாலு வரி எழுதி, கிழித்துப் போட்டும் விட்டேன். இது என் கதை மட்டுமாக இருந்தால் எப்போதோ எழுதியிருப்பேன். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவருடைய பிழைப்பும் மானமும் இதில் கலந்திருக்கிறது. போன தை மாதம் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அவரே கூப்பிட்டு, "இனிமே எழுதிக்கோம்மா, பேரு மட்டும் போடாத" என்று சொன்னார். நான் எட்டாவது வரை படித்தவள். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவில் இருக்கிறது. வைகாசியில் கெங்கையம்மன் திருவிழா. அம்மனுடைய சிரசை ஊர்வலமாக எடுத்து வந்து கோயிலில் இருக்கும் உடலோடு பொருத்துவார்கள். பம்பை, சிலம்பம், புலி வேஷம் என்று ஊரே தெருவில்தான் இருக்கும். என் மகன் சின்னவனாக இருந்தபோது காய்ச்சல் முற்றி, வேலூர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். "தாயே, இவனைக் குடுத்துடு, உன் ஊர்வலத்துக்கு வருஷா வருஷம் நீர்மோர் பந்தல் போடறேன்" என்று வராந்தாவில் விழுந்து கும்பிட்டேன். கொடுத்துவிட்டாள். அதிலிருந்து ஒரு வருஷம்கூடப் பந்தல் நின்றதில்லை.

எங்கள் பந்தலில் ஒரு கட்டு உண்டு. சிரசு எங்கள் தெருமுனைக்கு வந்து, அம்மனுக்கு முதல் சொம்பு மோர் படைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவோம். அதற்கு முன்னால் எத்தனை பேர் கெஞ்சினாலும் ஒரு டம்ளர் கிடையாது. வெயிலில் நிற்கிறவர்கள் திட்டத்தான் செய்வார்கள். என் மாமியார் அசைய மாட்டார்கள்.

மோர் கலக்குவதற்கு நீல பிளாஸ்டிக் டிரம்தான். தோல் கம்பெனிகளுக்குக் கெமிக்கல் வருகிற டிரம் அது. எங்கள் பக்கத்தில் அது இல்லாத வீடே கிடையாது. குடிதண்ணீர் பிடிப்பதும் அதில்தான், கல்யாணத்துக்குச் சமையல் தண்ணீர் நிரப்புவதும் அதில்தான். பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு தோல் கம்பெனியில் கெமிக்கல் குடோனில் வேலை செய்தார். திருவிழாவுக்கு முன்னால் காலி டிரம்களைத் தொழிலாளிகளுக்குக் கொடுப்பது அங்கே ரொம்ப நாளாக இருந்த வழக்கம். தோலை மெதுவாக்க ஊற்றும் எண்ணெய் வந்த டிரம்மாகப் பார்த்து எடுப்பார்கள். மீன் வாடை அடிக்கும். கழுவி வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று நம்பினோம்.

அந்த வருஷம் கம்பெனியில் புதிதாக ஒன்று ஆரம்பித்தார்கள். சுற்றுச்சூழலைக் காக்கும் முறை என்று பெயர். வெளிநாட்டில் செருப்பு வாங்குகிறவர்கள் கேட்டார்களாம். அதற்கென்று படித்த பெண் ஒருத்தி வேலைக்கு வந்தாள். வெளியூர்ப் பெண், கல்யாணம் ஆகாதவள். எல்லோரும் அவளை ஆடிட் மேடம் என்பார்கள். அவள் வந்த கொஞ்ச நாளில் குடோன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இனிமேல் காலி டிரம் எதுவும் வெளியே போகக்கூடாது, எல்லாம் கெமிக்கல் சப்ளை செய்தவர்களுக்கே திரும்பிப் போகும், மீறி எடுத்தால் திருட்டு, வேலை போய்விடும். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. தொழிலாளிகளை உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

அண்ணனுக்கு அது ஆறவே இல்லை. "இத்தினி வருசமா கூப்ட்டு கூப்ட்டு குடுத்தாங்க. இப்ப எடுத்தா திருடனாம். இன்னா நியாயம்மா இது?" என்று என்னிடமே பலமுறை புலம்பினார்.

திருவிழாவுக்கு முந்தைய நாள், டிவிஎஸ் வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி இரண்டு டிரம் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார். எங்களுடைய பழைய டிரம் வெடித்துப்போயிருந்தது. அது அவருக்குத் தெரியும்.

"எங்கருந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டா கடையில வாங்கினதுன்னு சொல்லு."

"எதுக்குண்ணா பேஜார்? நான் வாடகைக்கு எடுத்துக்கறேன்."

"அம்மனுக்குக் குடுக்கறத வேணாம்னு சொல்லாத. என்கூட வேல செய்றவன் ஒருத்தனும் ரெண்டு எடுத்துனு போய்ட்டான். கடைசி சான்ஸு."

இரண்டு டிரம்மிலும் ஒட்டியிருந்த காகிதம் கிழிக்கப்பட்டிருந்தது. முன்பெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் கிழிப்பார்கள். இந்தத் தடவை கம்பெனி கேட்டில் யாரும் கண்டுபிடிக்கக்கூடாது என்று அங்கேயே அவசரத்தில் கிழித்திருக்கிறார்கள். எந்த டிரம் எது என்று பார்க்க அவர்களுக்கு நிதானம் இல்லை.

சாம்பலும் புளியும் போட்டு நான்தான் தேய்த்தேன். ஒன்றில் வழக்கம்போல மீன் வாடை. இன்னொன்றில் எந்த வாடையும் இல்லை. அடியில் தண்ணீர் மாதிரி ஏதோ கொஞ்சம் இருந்தது, கவிழ்த்து ஊற்றிவிட்டேன். தேய்த்து முடித்ததும் இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் சிவந்து எரிந்தது. சாம்பல் காரம் என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். வாடை இல்லாததை நல்ல டிரம் என்று மோருக்கு வைத்தேன். மீன் வாடை அடித்ததில் டம்ளர் கழுவத் தண்ணீர் நிரப்பினேன். இரண்டுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் வேப்பிலை கட்டினோம்.

மறுநாள் காலை பந்தல் முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஊர்வலம் கிளம்பத் தாமதம். பம்பைச் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறது, கிட்டே வரவில்லை. என் வீட்டுக்காரர் சிரசோடு வருகிற கூட்டத்தில் இருந்தார். அண்ணன் வேண்டுதலுக்காகப் புலி வேஷம் போட்டு, உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்புமாக எங்கள் பந்தல் நிழலில் வந்து நின்றார்.

"யக்கா, ஒரு டம்ளர் குடுத்தா அம்மன் கோச்சுக்குவாளா? புலியே நாக்க தொங்கப் போட்டுனு கீது பாரு" என்று ஒருத்தன் அவரைக் காட்டிக் கிண்டல் செய்தான். எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் மட்டும், "அவ வர்ற வரைக்கும் புலியும் கெடையாது எலியும் கெடையாது" என்றார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஆடிட் மேடம். முகமெல்லாம் வேர்த்து, துப்பட்டா ஒரு பக்கம் தரையில் இழுபட்டது. கூடவே கெமிக்கல் சப்ளை செய்கிற கம்பெனி ஆள் ஒருவர். காலி டிரம்களை ஏற்றிப் போக அன்று காலைதான் முதன்முதலாக அவர்களுடைய லாரி வந்திருக்கிறது. எண்ணிப் பார்த்ததில் நாலு குறைந்திருக்கிறது. இரண்டு எண்ணெய் டிரம். மற்ற இரண்டும் தோலில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க ஊற்றும் மருந்து இருந்தவை. அந்த மருந்து கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் ஆபத்து என்று அந்த ஆள் பதறியிருக்கிறார். குடோனில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர் என்பதால் இருவரும் நேராக இங்கே ஓடிவந்துவிட்டார்கள்.

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. பந்தலுக்குள் வந்து, எங்கள் நாலைந்து பேருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "எண்ணெய் டிரம்னா மீன் வாடை அடிக்கும். மருந்து டிரம்ல வாடையே வராது. கழுவினா கை எரியும். அக்கா, இந்த டிரம் எங்க வாங்கினீங்க?"

நான் என் கையைப் பார்த்தேன். சிவப்பு இன்னும் போகவில்லை. முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டேன்.

பம்பைச் சத்தம் இப்போது கிட்டே வந்துகொண்டிருந்தது. முதல் சொம்பு மோரைக் கையில் வைத்துக்கொண்டு மாமியார் நிற்கிறார்கள். பின்னால் குழந்தைகள் வரிசை. உண்மையைச் சொன்னால் அண்ணன் வேலை போய்விடும். அவர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அந்தப் புலி முகத்தில் கண் மட்டும் தெரிந்தது. வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக ஆட்டினார்.

"கடையில வாங்கினது" என்றேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

சொன்ன மறுநொடியே, "ஐயோ, பல்லி விழுந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டு மோர் டிரம்மை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினேன். அது அசையவில்லை. தோளைக் கொடுத்து மறுபடியும் தள்ளினேன். அத்தனை மோரும் வாசலில் கொட்டியிருந்த மணல் குவியலில் போய் விழுந்தது. மாமியார் கையில் இருந்த சொம்பையும் பிடுங்கி ஊற்றினேன்.

"அடிப்பாவி! அம்மன் வாசல்ல வர்ற நேரத்துல கவுத்துட்டாளே! பல்லி எங்கடி? காட்டுடி பல்லிய!" மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்கள். வரிசையில் நின்றவர்கள் ஆளாளுக்குப் பேசினார்கள். பந்தல் போட வக்கில்லை என்றான் ஒருவன். அந்தப் பெண் குனிந்து, ஆடு மாடு வாய் வைக்காமல் இருக்க மணலை அள்ளி அந்த ஈரத்தின் மேல் போட ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்து அள்ளிப் போட்டேன்.

மணல் அள்ளிக்கொண்டே என் காதருகில் சொன்னாள். "பல்லி இல்லைன்னு எனக்குத் தெரியும்கா. நல்ல காரியம் பண்ணீங்க. ஆனா மருந்து டிரம் இன்னொன்னு இருக்கு. யாரு எடுத்தாங்கன்னு எனக்கு வேணாம். எங்க இருக்குன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

அந்த வார்த்தையில்தான் எனக்கு உறைத்தது. என் பந்தலைக் காப்பாற்றிவிட்டேன், அண்ணன் வேலையையும் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். இன்னொரு வீட்டில் இன்னொருத்தி இதே மாதிரி மஞ்சள் குங்குமம் வைத்து அதில் தண்ணீர் நிரப்பியிருப்பாளே! திருவிழாவுக்கு வந்த விருந்தாளிகள் குடிப்பார்களே! அது யார் வீடு என்று அண்ணன் ஒருத்தருக்குத்தான் தெரியும். "அண்ணா" என்றேன்.

அண்ணன் மெதுவாகக் கேட்டார், யாரோ மூன்றாம் மனுஷனைப் பற்றிக் கேட்பதுபோல. "எடுத்தவனுக்கு இன்னா ஆவும் மேடம்?"

அவள் எழுந்து நின்றாள். கையெல்லாம் மணல். "அந்த நோட்டீஸ் ஒட்டினது நான்தான். ஏன், எதுக்குன்னு உங்க யார்கிட்டயும் சொல்லல. எந்த டிரம் ஆபத்துன்னும் சொல்லல. நீங்க அதுல தண்ணி புடிச்சு குடிப்பீங்கன்னுகூட எனக்குத் தெரியாது. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். அது என் தப்பு. எடுத்தவங்க வேலை போகாது. போனா என் வேலையும் சேர்ந்து போகட்டும்."

"இப்ப சொல்லுவ. நாளிக்கு மேனேஜர் முன்னாடி சொல்லுவியாம்மா?" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார்.

"சொல்லுவேன். இந்த அக்கா சாட்சி" என்று என்னைக் காட்டினாள்.

அதைக் கேட்டதும் அண்ணன் கோயில் மைக் கட்டியிருந்த பக்கம் ஓட ஆரம்பித்தார். அவர் செல்போன் வீட்டில் கிடந்தது. அந்த இன்னொரு டிரம்மை எடுத்துப்போன, கூட வேலை செய்தவரும் ஊர்வலக் கூட்டத்தில் எங்கேயோ இருந்தார். அவர் வீடு ஊரின் மறுகோடி. நடுவில் தெருவை அடைத்துக்கொண்டு ஜனம். நாங்களும் பின்னால் ஓடினோம்.

மைக்கில் உட்கார்ந்திருந்த விழாக் குழுப் பெரியவர் விஷயத்தைக் கேட்டதும் மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டார். "விஷம் கிஷம்னு சொல்லிடாதடா. ஜனம் மெரண்டு ஓடுனா நெரிசல்லயே பத்து பேரு போய்டுவான்." அவர் சொன்னதும் நியாயம்தான். அம்மா, அண்ணன் வாயில் நல்ல வார்த்தையாக வை தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

அண்ணன் மைக்கை வாங்கினார். மூச்சு வாங்குவது ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்டது. கூட வேலை செய்தவரின் வீட்டை ஊரில் எந்தப் பெயரால் சொல்வார்களோ அந்தப் பெயரைச் சொல்லி, அவர் மனைவியைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நான்தான் பேசறேன். உன் வீட்டுக்காரன் கொண்டாந்த நீல டிரம்முல இருக்கற தண்ணிய யாரும் தொடாதீங்க. குடிக்காதீங்க, சமைக்காதீங்க. டிரம் சரியில்ல. அவன் மேல தப்பில்ல. கம்பெனியில சொல்லாம எடுத்தது நான். அவனையும் எடுக்கச் சொன்னது நான். மத்தவங்க யாரும் பயப்பட வேணாம், வேற எங்கயும் இல்ல."

இரண்டு தடவை அதையே சொன்னார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். "புலி டிரம் திருடியிருக்குடோய்" என்று ஒரு குரல். அவர் கண்ணிலிருந்து வழிந்த தண்ணீர் கன்னத்துச் சாயத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கியது.

எப்படி அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம் என்று எனக்கு நினைவில்லை. உள்ளே பந்தி உட்கார்ந்திருந்தது. இலைக்கு இலை டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். எதிர்க் கம்பத்தில் ஸ்பீக்கர் கட்டியிருந்ததால் அந்த அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. நாங்கள் போகும்போது அவர் ஒவ்வொரு டம்ளராகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் சோற்றில் கை வைத்தபடி பேயறைந்த மாதிரி இருந்தார்கள். சமையல் குழாய்த் தண்ணீரில்தான் செய்திருந்தது. ஆனால் அவர் மருமகள் குடத்தில் மொண்டபோது, தாகத்துக்கு இரண்டு வாய் குடித்திருந்தாள். கொல்லையில் உட்கார்ந்து குமட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த சப்ளையர் கம்பெனி ஆளை அப்போதுதான் கவனித்தேன். கூடவே ஓடிவந்திருந்தார். அவர்தான் அந்த மருமகளைத் தன் காரில் ஏற்றினார். என்ன மருந்து என்று டாக்டரிடம் சொல்ல ஆள் வேண்டும் என்று தானே உடன் போனார். நானும் அவளைத் தாங்கிக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் அவள் கை என் கையைப் பிடித்திருந்தது. என் கை எரிந்துகொண்டே இருந்தது. மருந்தின் பெயரைச் சரியாகச் சொன்னதால் உடனே வைத்தியம் பார்க்க முடிந்தது என்று டாக்டர் சொன்னார். பிழைத்துக்கொண்டாள். அவள் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அந்த வருஷம் சிரசு எங்கள் தெருமுனையைத் தாண்டியதை நான் பார்க்கவில்லை. மாமியார் வீட்டுச் செம்பில் தண்ணீர் மொண்டு படைத்தார்களாம்.

அதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அண்ணனைக் கம்பெனியில் விசாரித்தார்கள். அந்த நாட்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்றுகூட எங்களுக்குத் தெரியாது, கதவு சாத்தியே இருந்தது. ஆடிட் மேடம் சொன்ன வாக்கை விடவில்லை. மேனேஜர் முன்னால், "இவரை அனுப்பினா அடுத்த தடவை யாரும் வாயத் திறக்க மாட்டாங்க சார்" என்று நின்றிருக்கிறாள். என்னையும் சாட்சிக்கு அழைத்தார்கள். வேலை போகவில்லை. குடோனிலிருந்து வேறு பகுதிக்கு மாற்றினார்கள். அவருக்கு அது ரொம்ப நாள் வலித்தது. புலி வேஷம் மறுபடி போடவே இல்லை. மகள் கல்யாணம் ஆவணியில் நடந்தது.

பிறகு தொழிலாளிகள், ஒப்பந்தத்தில் வந்து குடோன் கழுவுகிறவர்கள், கெமிக்கல் சப்ளை செய்கிறவர்கள் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கூட்டம் போட்டார்களாம். என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு பெண், "திருவிழாவுக்குத் தண்ணி ரொப்ப டிரம் வேணும் மேடம், அதுக்குத்தானே எடுத்தோம்" என்றிருக்கிறாள். இப்போது கம்பெனியே தண்ணீருக்கென்று செய்த புது டிரம் வாங்கித் தருகிறது. காலி டிரம்கள் சப்ளையர் லாரியில் திரும்பிப் போகின்றன. எண்ணெய் டிரம்கூடச் சாப்பாட்டுக்கு ஆகாது என்று அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எத்தனை வருஷம் அதில் குடித்தோமோ!

ஊரில் இந்தக் கதை இப்போது வேறு மாதிரி ஓடுகிறது. அம்மனே காற்றாக வந்து டிரம்மைக் கவிழ்த்தாள் என்கிறார்கள். பத்துப் பேர் செத்தார்கள் என்கிறார்கள். கம்பெனிக்காரன் வேண்டுமென்றே விஷம் வைத்தான் என்றும் சொல்கிறார்கள். நீங்கள் யாரிடமாவது சொன்னால், நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். அம்மனைக் கூட்ட வேண்டாம், அண்ணனைக் குறைக்க வேண்டாம். அவள் அருள் இல்லாமல் எதுவும் நடக்கவில்லை என்பது என் நம்பிக்கை. ஆனால் அன்று அது, பயந்து நடுங்கிய ஒரு மனுஷனின் வாய் வழியாகத்தான் வந்தது. அதனால் என் வீட்டில் யாராவது செய்த தப்பைச் சொல்ல வந்து, திட்டு விழுமோ என்று தயங்கி நின்றால், இப்போதெல்லாம் நான் முதலில் என் முகத்தில் இருக்கும் கோபத்தைத்தான் துடைத்துக்கொள்கிறேன்.